நதி கொண்ட நிலமும் டாக்கா நகரமும்

உலகத்து நகரங்களை ஜனத்தொகை வரிசையில் நிறுத்தும் கணக்கொன்றை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தார் 2025-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெளியிட்டார்கள். நெடுங்காலம் முதலிடத்தில் வீற்றிருந்த டோக்கியோ அதில் மூன்றாமிடத்துக்கு இறங்கிவிட்டது. ஜகார்த்தா ஏறக்குறைய 4 கோடி 20 லட்சம் ஜனங்களுடன் முதலிடத்திலும், டாக்கா ஏறக்குறைய 3 கோடி 70 லட்சத்துடன் இரண்டாமிடத்திலும் நிற்கின்றன. 2050-க்குள் டாக்காவே முதலிடம் பெறும் என்பது மேற்படி ஸ்தாபனத்தாரின் மதிப்பு. இம்மாறுதலில் ஒரு பகுதி எண்ணும் முறையை மாற்றியதால் விளைந்ததென்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தேசத்தாரும் தம் மனம்போல் வகுத்துக்கொண்ட நகர எல்லையை விட்டுவிட்டு, ஜன நெருக்கம் இடையறாமல் தொடரும் பிரதேசம் முழுவதையும் ஒரே கோல் கொண்டு அளந்திருக்கிறார்கள். பழைய அளவின்படி டாக்காவின் தொகை சுமார் 2½ கோடி. எந்த அளவை எடுத்துக்கொண்டாலும், 1950-ல் நான்கு லட்சத்தையும் எட்டாதிருந்த ஊர் அது என்பதை நினைக்கும்போது, இது பிள்ளைப் பேற்றினால் மட்டும் வந்த பெருக்கம் அன்று என்பது விளங்கும். ஜனங்கள் வேறெங்கிருந்தோ அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து, ஏன் வருகிறார்கள், வந்த இடத்தில் அவர்களுக்குச் சட்டத்தின் முன் என்ன ஸ்தானம் என்பதையே இங்கு விசாரிக்க முற்படுகிறோம்.

ஜனங்கள் இந்நகரத்தை விட்டு ஓடிய காலமும் ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் துவக்கத்தில் மொகலாயரின் வங்காள ராஜதானியாகி, பிறகு மஸ்லின் துணியால் உலகப் புகழ் பெற்ற டாக்கா, கும்பினியார் ஆட்சியில் நெசவு அழிந்தபோது தானும் அழிந்தது. ஒரு காலத்தில் 1,50,000 ஜனங்கள் வசித்த பட்டணத்தில் முப்பது நாற்பதாயிரம் பேரே எஞ்சினர் என்றும், காடும் மலேரியாவும் அதை நெருங்கி வருகின்றன என்றும் 1840-ல் பார்லிமெண்டு விசாரணைக் கமிட்டியின் முன் சாட்சியம் சொன்னவர் ஸர் சார்லஸ் டிரெவெலியன். சுதேசிப் பிரசாரகர் எவரும் அல்லர், கும்பினியின் உத்தியோகஸ்தரே. தறியை இழந்தவன் அன்று நகரத்தை விட்டுக் கலப்பையைத் தேடிக் கிராமத்துக்குப் போனான். இன்றோ நிலத்தை இழந்தவன் கிராமத்தை விட்டுத் தையல் இயந்திரத்தைத் தேடி அதே நகரத்துக்கு வருகிறான். இரண்டு ஓட்டங்களுக்கும் காரணமானவை பெரும்பாலும் அவனுக்கு வெகு தூரத்திலுள்ள தேசங்களில் நடந்த காரியங்கள்.

வங்காள தேசத்தின் அமைப்பு நம் நேயர்கள் அறிந்ததே. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா என்னும் மூன்று பெருநதிகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலே அத்தேசம். கடலோரப் பிரதேசத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்தது. பூமி சூடேறுவதால் கடல் உயர்கிறது. புயலின்போது எழும் கடற்பெருக்கு முன்னிலும் உள்ளே புகுகிறது. மழை பெய்யும் காலமும் அளவும் மாறுகின்றன. இவை இப்போது வாதத்துக்குரிய விஷயங்கள் அல்ல. ஆயினும் ஜனங்கள் இடம் பெயர்வதற்குப் புயல் ஒன்றே காரணமென்று எழுதுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

புயலை எடுத்துக்கொள்வோம். 1970-ஆம் வருஷம் நவம்பரில் போலா தீவையும் அதைச் சூழ்ந்த கடற்கரையையும் தாக்கிய புயலில் மாண்டவர்கள் 3 லட்சத்துக்குக் குறையார். 1991 ஏப்ரலில் சுமார் 1,38,000 பேர். 2007 நவம்பரில் வந்த சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். 2020 மே மாதத்தில் ஆம்பான் வந்தபோது சுமார் 24 லட்சம் ஜனங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். அந்நாட்டில் மாண்டவர் தொகை நூற்றுக்கும் மிகக் குறைவு. 1972-ல் துவக்கிய புயல் எச்சரிக்கைத் தொண்டர் படையும், கடற்கரை நெடுகக் கட்டிய புகலிடக் கட்டடங்களும் செய்த வேலை இது. ஏழை நாடொன்று தன் முயற்சியால் சாதித்த இக்காரியத்துக்கு ஈடாகச் செல்வ நாடுகள் செய்தவை அதிகம் இல்லை. ஆனால் இச்சாதனைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உயிர் பிழைத்தவன் புகலிடத்தைவிட்டு வெளியே வரும்போது வீடு இல்லை, மாடு இல்லை, வயலில் நெல் இல்லை. உப்பு நீர் நிற்கிறது. முன்பு மாண்டு போனவன் இப்போது பிழைத்திருக்கிறான். பிழைத்தவன் பிழைப்பைத் தேடிப் போகத்தானே வேண்டும்?

2009-ஆம் வருஷம் மே 25-ல் வந்த ஐலா புயல் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். காற்றின் வேகத்தில் அது பெரும்புயல் அன்று. ஆயினும் குல்னா ஜில்லாவின் தாகோப் பகுதியில் 32-ஆம் எண் கரைவளையம் உடைந்தபின், ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் தினம் இருமுறை கடலேற்றம் வயலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. குடும்பங்கள் கரையின் மேல் குடிசை போட்டுக்கொண்டு காத்திருந்தன. காத்திருக்க முடியாதவர்கள் குல்னாவுக்கும் டாக்காவுக்கும் போனார்கள். அவ்வளவு நீர் ஏன் உள்ளே வந்தது? கடல் உயர்ந்தது ஒரு காரணந்தான். 1960-களில் அன்னிய நிபுணர்களின் யோசனையும் அன்னியக் கடனும் கொண்டு கடலோரத் தீவுகளைச் சுற்றி மண்கரை எழுப்பினார்கள். உப்பு நீர் உள்ளே வராது, நெல் விளையும் என்பது நோக்கம். சில காலம் விளைந்ததும் மெய்யே. ஆனால் உப்பு நீருடன் வண்டலும் உள்ளே வருவது நின்றுபோயிற்று. வண்டல் கொண்டுதான் அந்நிலம் தன்னை வருஷந்தோறும் உயர்த்திக்கொண்டிருந்தது. கரைக்கு வெளியே நதியின் படுகை உயர்ந்தது. உள்ளே நிலம் தாழ்ந்தது. 32-ஆம் எண் வளையத்தில் உள்நிலம் வெளிநிலத்தைவிட 1 முதல் 1½ மீட்டர் வரை தாழ்ந்துவிட்டதென்று பின்னர் அளந்து கண்டார்கள். கிண்ணத்தின் விளிம்பு உடைந்தால் நீர் புகாமல் வேறென்ன செய்யும்? கரையை நம்பாத குடியானவர்கள், 1990-ல் குல்னாவை அடுத்த தாகாத்தியா ஏரிப்பகுதியில் தாங்களே கரையை வெட்டி ஆற்று நீரை உள்ளே விட்டதும் உண்டு. அதிகாரிகள் அதைக் குற்றமென்றார்கள். அவ்வாறு விட்ட நீர் நிலத்தை உயர்த்துகிறதென்று கண்ட பின்னர் அதே முறைக்கு ஓர் ஆங்கிலப் பெயரிட்டுச் சர்க்கார் திட்டங்களில் சேர்த்துக்கொண்டார்கள்.

இறால் வளர்ப்பு மற்றொரு கதை. 1980-களிலிருந்து பணக்காரர் பலர் கரையில் மதகு வைத்தும், வெட்டியும், வேண்டுமென்றே உப்பு நீரை வயலுக்குள் விட்டு இறால் வளர்த்தார்கள். இறால் அன்னிய நாடுகளுக்குப் போயிற்று, டாலர் வந்தது. நெல் வயலில் நூறு பேருக்குக் கிடைத்த வேலை இறால் பண்ணையில் பத்துப் பேருக்கும் கிடைப்பதில்லை. பக்கத்து வயல்காரனின் நிலமும் உவராகும்; அவன் கேட்ட விலைக்கு விற்றுவிட்டுப் போவான். 22-ஆம் எண் கரைவளையத்தில் ஹரிங்கோலா என்ற ஊரில் 1990 நவம்பர் 7-ல் இதை எதிர்த்து ஊர்வலம் போன நிலமற்ற ஜனங்களின் முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் என்னும் ஸ்திரீ சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளையத்துக்குள் இறால் பண்ணை நுழையவில்லை. வருஷந்தோறும் அந்நாளில் ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள். அவ்வூரிலும் கடல் உயரத்தான் செய்கிறது, புயலும் அடிக்கத்தான் செய்கிறது. இறாலுக்குப் பலியான ஊர்களின் கேட்டையெல்லாம் சீதோஷ்ண மாறுதலின் தலையில் போட்டால் இறால் முதலாளிக்கு அதைவிட வசதியான வாதம் வேறில்லை. சீதோஷ்ண மாறுதல் இல்லையென்று சாதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே தாழ்ந்து, உவராகி, கடன்பட்டு நிற்பவன்மேல் அது வந்து விழுகிறது என்பதே நாம் சொல்லுவது. பஸ்தியில் குடியிருப்பவனைக் கூண்டிலேற்றி, நீ ஏன் இங்கு வந்தாய் என்று குறுக்கு விசாரணை செய்தால், கடன் என்பான், மகள் கலியாணம் என்பான், வேலை இல்லை என்பான். கடல் உயர்ந்ததென்று ஒருபோதும் சொல்ல மாட்டான். அதைக்கொண்டு கடலை விடுதலை செய்துவிடுவது சாட்சியத்தைப் படிக்கத் தெரியாதவர்களின் தீர்ப்பாகும்.

கடலைவிட அதிகமாகவும் ஓசையின்றியும் ஜனங்களை வெளியேற்றுவது நதி. 1967-க்குப் பின் பத்மா நதி மாத்திரம் 66,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை அரித்துக்கொண்டதாக அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமான நாஸா, வானத்திலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு 2018-ல் கணக்கிட்டது. அவ்வருஷமே ஷரியத்பூர் ஜில்லாவின் நரியா என்ற ஊரில் கடைத்தெருவும் மாடி வீடுகளும் ஆஸ்பத்திரிக் கட்டடமும் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் சாய்ந்தன. புயலுக்கு எச்சரிக்கை உண்டு, நிவாரணம் உண்டு, பத்திரிகையில் தலைப்பும் உண்டு. நதி ஒரு குடும்பத்தின் கொல்லையை இவ்வருஷமும், வீட்டை அடுத்த வருஷமும் எடுத்துக்கொள்ளும்போது இவை ஒன்றும் இல்லை. வீட்டைப் பிரித்துத் தகரத்தைத் தலையில் சுமந்துகொண்டு சற்றுத் தள்ளிப் போடுவார்கள். மறுபடியும் நதி வரும். இப்படி ஐந்து முறை, எட்டு முறை வீடு மாற்றியவர்கள் அந்நாட்டில் அபூர்வம் அல்லர். கடைசியில் தள்ளிப்போக இடமில்லாதபோது டாக்காவுக்குப் படகேறுவார்கள். 2022 ஜூன் மாதத்தில் பத்மா பாலம் திறந்தபின் பஸ் ஏறுகிறார்கள்.

இவ்விடத்தில் சட்டம் குறுக்கிடுகிறது. நதி கொண்ட நிலம் யாருடையது? வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இது சுவையான கேள்வி. நிலத்தை இழந்தவனுக்கு உயிர்க் கேள்வி. வங்காளத்தில் 1825-ஆம் வருஷத்து 11-ஆவது ரெகுலேஷன் இதைப் பற்றி விதித்தது. நதி சிறுகச் சிறுகச் சேர்க்கும் நிலம் அடுத்த நிலக்காரனுக்கு என்றது அது. மூழ்கிய நிலம் அதே ஸ்தானத்தில் மீண்டும் தோன்றினால் அது பழைய உடையவனுக்கே உரியது, நீர் மூடியதனால் உரிமை அற்றுப் போகாது என்று லோபஸ் வழக்கில் 1870-ல் பிரிவி கவுன்ஸில் தீர்ப்பளித்தது. அன்னிய நீதிபதிகள் அளித்த தீர்ப்பாயினும் நியாயமான தீர்ப்பு. வங்காள தேசம் பிறந்த பின் 1972-ல் ஜனாதிபதியின் 135-ஆவது உத்தரவு இதை மாற்றி, மீண்டும் தோன்றும் நிலமெல்லாம் சர்க்காருடையது, நிலமற்றவருக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்றது. நோக்கம் உயர்ந்தது, பலன் வேறாயிற்று. புதிதாக எழும் திட்டுக்குத் தடியடிக்காரரை முதலில் அனுப்பக்கூடியவன் எவனோ அவனே அதை அனுபவித்தான். 1994-ல் சட்டத்தைத் திருத்தி, மூழ்கிய நிலம் 30 வருஷத்துக்குள் அதே இடத்தில் எழுந்தால் பழைய குடிக்கோ அவன் வாரிசுக்கோ உரிமை உண்டு, மொத்தம் 60 பிகாவுக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார்கள்.

ஆகவே டாக்காவின் பஸ்தியில் தகரக் கொட்டகைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு ரிக்ஷா இழுக்கும் ஒருவன், சட்டத்தின் கண்ணில், மேக்னாவின் அடியில் கிடக்கும் இரண்டு பிகாவுக்கு 30 வருஷம் வரை பாத்தியஸ்தன். நகரத்தில் அவன் ஆக்கிரமிப்பாளன். நதிக்கடியில் அவன் நிலச்சுவான்தார். அந்த பாத்தியத்தை நிலைநாட்ட அவன் பழைய பட்டா, நிலவரிக் கழிவு, அளவுப்படம் முதலியவற்றைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். நிலம் எழுந்த செய்தி அறிந்து ஜில்லா கலெக்டரிடம் ஓட வேண்டும். வீடு ஆற்றில் போனபோது பெட்டி போகாதிருந்தால் அல்லவா பத்திரம் இருக்கும்? 30 வருஷத்தை நதி அறியுமா என்பதும் கேட்கத்தக்கதே. நாம் அறிந்த மட்டில், இடம் பெயர்ந்தவர்களின் இந்த உரிமையை அவர்கள் போன இடத்திலேயே பதிவு செய்துவைக்க ஒரு காரியாலயம் ஏற்படுத்துவது எவ்வளவோ கோடி செலவாகும் கரை கட்டும் வேலைகளை நோக்க அற்பச் செலவு. அதைக் குறித்துப் பேசுவார் மிகச் சிலர்.

டாக்காவுக்கு வந்தவன் எங்கே தங்குகிறான்? புரிகங்கைக் கரையில் சதர்காட் துறையில் இறங்கியவனுக்குச் சொந்த ஜில்லாக்காரன் ஒருவன் இருந்தால் அவனிடம் போவான். போலா தீவினர் குடியேறிய இடத்துக்குப் போலா பஸ்தி என்றே பெயர். நகரத்தின் பெரிய பஸ்தியாகிய கொராயில், பணக்காரர் வாழும் குல்ஷானுக்கு ஏரியின் மறுகரையில் இருக்கிறது. குல்ஷானின் வீட்டு வேலைக்காரியும் காவற்காரனும் காரோட்டியும் அங்கிருந்தே படகில் வருகிறார்கள். நிலம் பெரும்பாலும் சர்க்கார் இலாகாக்களுடையது. பட்டா இல்லாத நிலமாகையால் குழாயும் மின்சாரமும் நெடுங்காலம் நேர்வழியில் கிடைப்பதில்லை. இடைத்தரகர் மூலம் கிடைக்கும். பட்டா உள்ள பணக்காரன் கொடுப்பதைவிடப் பட்டா இல்லாத ஏழை ஒரு குடம் தண்ணீருக்கு அதிகம் கொடுக்கிறான் என்பது டாக்காவுக்கு மட்டுமே உரிய விந்தை அல்ல.

வேலை இருக்கிறது; அதை மறைப்பதற்கில்லை. டாக்கா, சாவார், காஜிப்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய இடங்களின் தையல் ஆலைகளைச் சேர்த்து அந்நாட்டில் சுமார் 40 லட்சம் பேர் அத்தொழிலில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். தேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அவர்கள் கையால் வருவது. 2013 ஏப்ரல் 24-ல் சாவாரில் ரானா பிளாஸா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோதுதான் அவர்கள் தைக்கும் சட்டையை யார் அணிகிறார்கள் என்று உலகம் விசாரித்தது. 2023 டிசம்பர் முதல் அவர்களுடைய குறைந்த மாதச் சம்பளம் 12,500 டாகா என நிர்ணயமாயிற்று. அவர்கள் கேட்டது 23,000. அந்தச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். உவர் நிலத்தில் இன்னும் இருக்கும் தாய் தகப்பன்மார் இருப்பது பெரும்பாலும் அப்பணத்தினால்தான். ஆகவே குடிபெயர்தல் என்பதை வெறுங்கேடாகவே எண்ணுவது தவறு. ஒருவர் போவதனால் ஐவர் போகாமலிருக்கிறார்கள்.

இத்தகையவர்களை அவ்வப்போது பலாத்காரமாக வெளியேற்றுவதை என்னென்பது? 1999-ல் டாக்காவில் பஸ்திகளை இடித்தபோது ஆயின் ஓ சாலிஷ் கேந்திரம் என்ற சட்ட உதவிச் சங்கத்தார் ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள். மறுவாழ்வுக்கு வழி செய்யாமலும் தக்க நோட்டீசு கொடுக்காமலும் பஸ்திவாசிகளை ஒரேயடியாக வெளியேற்றக் கூடாது, ஜீவனத்தை அழிப்பது ஜீவனையே அழிப்பதாகும் என்னும் கொள்கையை அந்நீதிஸ்தலம் ஏற்றது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் இந்திய சுப்ரீம் கோர்ட்டு கூறிய நியாயத்தை ஒட்டியது இத்தீர்ப்பு. இரண்டு தீர்ப்புகளும் சட்டப் புஸ்தகங்களில் அழகாக இருக்கின்றன. 2012 ஏப்ரலில் கொராயிலின் ஒரு பகுதியை இயந்திரம் கொண்டு இடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். இடிக்காத வருஷங்களில் தீப்பற்றுகிறது. 2016 டிசம்பரிலும் 2017 மார்ச்சிலும் அங்கே நூற்றுக்கணக்கான குடிசைகள் எரிந்தன. 2025 நவம்பரில் எரிந்தவை ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு தீக்குப் பிறகும் அதே இடத்தில் மூங்கிலும் தகரமும் மறுபடி எழுகின்றன, ஏனெனில் போவதற்கு வேறிடம் இல்லை.

வந்து சேர்ந்த நகரமோ பத்திரமானதன்று. நான்கு பக்கமும் நதிகள். 1988-ல் நகரத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கிற்று. அதன்பின் மேற்குப் புறம் கரை கட்டினார்கள். 1998-ல் வெள்ளம் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றபோது மேற்கு ஒருவாறு தப்பிற்று, கிழக்கு மூழ்கிற்று. மழை நீர் தங்கவேண்டிய ஏரி குளங்களை மணல் கொட்டி மேடாக்கி மனை போட்டு விற்கிறார்கள். அதைத் தடுக்க 2000-ல் சட்டம் இயற்றினார்கள். சட்டத்துக்குப் பின்னும் மணல் லாரி நிற்கவில்லை. குடிநீரில் பெரும்பகுதி பூமிக்கடியிலிருந்து இறைப்பதாகையால் நிலத்தடி நீர் வருஷத்துக்கு 2 மீட்டருக்கு மேலும் இறங்குகிறது. 2023-ல் டெங்கு சுரம் தேசமெங்கும் 1,705 உயிர்களைக் கொண்டது. 2024 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தகரக் கூரையின் கீழ் இருப்பவனுக்கு மூடுவதற்கு எதுவுமில்லை. கடலுக்கு அஞ்சி வந்தவன் வெள்ளத்திலும் வெப்பத்திலும் வந்து சிக்குகிறான்.

நம் தேசத்திலும் மேல்நாட்டிலும் சிலர், இவர்களெல்லாம் எல்லை தாண்டிக் கோடி கோடியாக நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அப்படிச் சொல்வோர் கணக்கைப் படிக்கவில்லை. உலக பாங்கியார் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் 2050-க்குள் 21 கோடி 60 லட்சம் பேர் வரை சீதோஷ்ணக் காரணத்தால் இடம் பெயரக்கூடும் என்று மதித்தது தத்தம் தேசத்துக்குள்ளேயே பெயர்வோரை மாத்திரம். வங்காள தேசத்துக்கு அதில் மிக மோசமான நிலையில் கூறிய தொகை 1 கோடி 99 லட்சம். அவர்களும் தம் நாட்டு நகரங்களுக்கே போவோர். எல்லை தாண்டக் கைப்பொருள் வேண்டும். நிலம் இழந்தவனிடம் பஸ் கட்டணமே கஷ்டம். உலகத்தின் பெருநகரங்கள் ஏன் பெருக்கின்றன என்பதற்கு விடையும் இதில் இருக்கிறது.

அப்படியே ஒருவன் எல்லை தாண்டினாலும் அவனுக்கு அகதி என்ற பெயர் சட்டத்தில் இல்லை. 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசீயம், சமூகப் பிரிவு, அரசியல் அபிப்பிராயம் என்னும் ஐந்து காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சுபவனையே அகதி என்கிறது. கடல் ஒருவனையும் அவன் மதம் பார்த்துத் துன்புறுத்துவதில்லை. கிரிபாஸ் தீவைச் சேர்ந்த இவானே டெய்டியோட்டா என்பவர் நியூஜிலாந்தில் இவ்வழக்கைக் கடைசி வரை நடத்தித் தோற்றார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கமிட்டியும் 2020-ல் வெளியான முடிவில் அவருக்குப் பரிகாரம் தரவில்லை. ஆயினும் சீதோஷ்ணக் கேட்டினால் உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவனைத் திருப்பியனுப்புவது உயிருரிமையைப் பாதிக்கக்கூடும் என்று ஒரு வாக்கியத்தை எழுதிற்று. கட்சிக்காரர் தோற்ற வழக்கில் சட்டம் ஓர் அடி முன்னேறுவது வக்கீல்களுக்குப் பழக்கமான அனுபவம். 2025 ஜூலை 23-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிஸ்தலம், வனுவாட்டு என்னும் சிறு தீவு தேசத்தின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை அனுப்பிய கேள்விக்கு விடையளித்து, சீதோஷ்ணத்தைக் காப்பது ராஜ்யங்களின் சட்டக் கடமை, கடமை தவறியவர் நஷ்ட ஈட்டுக்குப் பாத்தியராகக்கூடும் என்றது. இது ஆலோசனை அபிப்பிராயமேயன்றி டிக்ரி அன்று. நிறைவேற்ற அமீனா இல்லை.

கடமை தவறியவர் யார் என்பதில் பெரிய மர்மமில்லை. வங்காள தேசத்தில் தலைக்கு வருஷம் ஒரு டன்னுக்கும் குறைவான கரியமில வாயு வெளியாகிறது. அமெரிக்காவில் சுமார் 14 டன். டாக்காவில் தைத்த சட்டை விற்பனையாகும் நாடுகளே பெரும்பாலும் இந்தப் புகைக்கும் பொறுப்பாளிகள். இவ்விடத்தில் ஜகார்த்தாவை ஒரு வார்த்தை நினைக்கலாம். நிலத்தடி நீரை இறைத்து இறைத்து அந்நகரத்தின் வடபகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 2019-ல் இந்தோனேஷியா சர்க்கார் ராஜதானியைப் போர்னியோத் தீவுக்கு மாற்றுவதாக அறிவித்து, 2022-ல் சட்டமும் செய்தார்கள். சர்க்கார் இடம் பெயர்ந்தால் அதற்குப் பெயர் திட்டம். குடியானவன் இடம் பெயர்ந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு!

டாக்காவுக்கு வருவதைத் தடுப்பது முடியாத காரியம். வேறிடத்துக்குப் போக மனம் வரும்படி செய்வது முடியும். 2023 அக்டோபரில் காலமான சலீமுல் ஹக் என்ற விஞ்ஞானி இதையே பல வருஷம் வற்புறுத்தி வந்தார். டாக்கா ஒன்றையே வீங்கவிடாமல், கடற்கரையை அடுத்த சிறு நகரங்களைத் தற்காத்து, வேலையும் பள்ளிக்கூடமும் ஏற்படுத்தி, வருவோரை வரவேற்கும் ஊர்களாக்க வேண்டுமென்பது அவர் யோசனை. அதற்கு மாதிரியாக அவர் காட்டியது மோங்லா துறைமுகம். அங்கே ஏற்றுமதித் தொழிற்பேட்டை இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கரையும் மதகும் அமைத்திருக்கிறார்கள். டாக்காவுக்குப் போயிருக்க வேண்டிய பல பெண்கள் அங்கேயே வேலை செய்கிறார்கள். 2021-ல் வங்காள தேச சர்க்கார் உள்நாட்டில் இடம் பெயர்ந்தோருக்கென ஒரு கொள்கையையும் வெளியிட்டார்கள். கொள்கை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு எவனும் கோர்ட்டுக்குப் போக முடியாது.

மோங்லாவின் பெரிய குறை தண்ணீர். சுற்றிலும் உப்பு. பக்கத்துப் பெருநகரமாகிய குல்னாவுக்கு 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதுமதி நதியிலிருந்து குழாய் மூலம் நீர் கொண்டுவரப் பெருஞ்செலவில் வேலை செய்து 2019-ல் முடித்தார்கள். இப்போது கோடைக் கடைசியில் மதுமதியின் நீரே உவர்க்கிறது. இன்னும் மேலே போய் நீர் எடுக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். நஷ்டமடைந்த தேசங்களுக்கென 2022-ல் எகிப்தில் ஒப்புக்கொண்டு 2023-ல் துபாயில் துவக்கிய நிதிக்கு முதலில் வாக்களித்த தொகை உலகம் முழுமைக்கும் சுமார் 70 கோடி டாலர். 2025 நவம்பரில் பிரேஸில் தேசத்துப் பெலெம் நகரில் அந்நிதியார் விண்ணப்பங்களை முதன்முறையாக வரவேற்றபோது பங்கிட எடுத்துவைத்தது 25 கோடி டாலர். பத்மா நதியின் மேல் வங்காள தேசத்தார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொண்ட ஒரு பாலத்தின் செலவு மாத்திரம் 300 கோடி டாலருக்கு மேல்.